நாக்குப் பக்கம்

கள்ளக்குறிச்சியில் இருக்கிறேன் என்று சொன்னால், தொல்லுயிர்ப் படிமங்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர்கள், "அப்படியா, வீட்டு வாசலிலேயே கிடைக்குமே" என்பார்கள். அவர்கள் நினைப்பது கல்லங்குறிச்சியை. அரியலூருக்குப் பக்கத்தில், பெருமாள் கோயிலுக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கும் பெயர்போன ஊர் அது. அந்த ஊர்ப் பெயரையே ஒரு பாறையடுக்குக்கு நிலவியலாளர்கள் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதினால் நம்முடைய ளகரமும் லகரமும் ஒன்றாகிவிடும்; இரண்டு ஊருக்கும் நடுவே மிஞ்சுவது ஒரு மெல்லின எழுத்துதான். தமிழ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிற எனக்கு இந்தக் குழப்பம் பிடிக்கும். ஓர் எழுத்தைச் சரியாகப் பார்க்காவிட்டால் ஒரு கடலையே தவறான ஊரில் கொண்டுபோய் வைத்துவிடலாம்.

எங்கள் ஊரின் மேற்கே கல்வராயன் மலை. அந்த மலையில் சுறாப் பல் கிடைக்காது. அது சார்னோக்கைட்டும் நைஸும் ஆன மலை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து உருவான பாறைகள் அவை. அவை உருவானபோது உலகத்தில் எந்த உயிருக்கும் பல் இல்லை. பல்லைத் தேட வேண்டுமென்றால் நான் பேருந்து மாறித் தெற்கே பெரம்பலூர்ப் பக்கம் போக வேண்டும். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய திருச்சி, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பகுதிகள் மேல் கடல் ஏறி நின்றது. பெரம்பலூர் மாவட்டத்தில் காரை, குளக்கால்நத்தம் பக்கத்துக் களிமண் மேடுகள் அந்தக் கடலின் அடித்தரை. புல்கூடச் சரியாக முளைக்காத, மழை கீறிக் கீறி வரப்பு வரப்பாகப் பிளந்து கிடக்கிற நிலம். வெயிலில் ஜிப்சம் பளபளக்கும். துப்பாக்கிக் குண்டு போன்ற பெலம்னைட்டுகள் காலடியில் உருளும். அவற்றுக்கு நடுவே, பார்க்கத் தெரிந்தால், அரிசி நொய் அளவுக்குச் சுறாப் பற்கள்.

எட்டு ஆண்டுகளாக இந்தப் பற்களைத் தேடுகிறேன். நிலவியல் படித்ததில்லை. என் முனைவர் பட்டம் சங்க இலக்கியத்தில். ஆகவே இதைப் பொழுதுபோக்கு என்றுதான் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரை அந்தச் சொல்லைப் பற்றியும், பல்லுக்குப் பெயர் வைப்பதைப் பற்றியும், பெண்ணுக்குப் பெயர் வைப்பதைப் பற்றியும்.

*

வேலை எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன். பாறையை உடைப்பதில்லை. சரிந்து விழுந்து ஓடையில் கிடக்கும் களிமண்ணில் ஒரு பை எடுத்து வருவேன். சாத்தனூர்க் கல்மரமும் திருவக்கரைக் கல்மரங்களும் தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்கள். அங்கே ஒரு சில்லைக்கூடத் தொடக் கூடாது. எந்த ஓடை, எந்த மேடு, எந்தத் தேதி என்று பையிலேயே எழுதிவிட வேண்டும். இடம் எழுதாத பல் அழகுப் பொருள். இடம் எழுதிய பல்தான் சான்று. வீட்டுக்கு வந்ததும் மண்ணை வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பிறகு வாளித் தண்ணீரில் போட்டால் தானே உடைந்து கரையும். மேலே நிற்கும் கலங்கலை ஊற்றிவிட்டு, அடியில் தங்குவதை அரை மில்லிமீட்டர் கண் சல்லடையில் அலச வேண்டும். மிஞ்சுவதைக் காயவைத்து, ஒரு தட்டில் மெல்லிய வரிசையாகப் பரப்பி, பத்து மடங்கு லென்ஸும் நனைத்த தூரிகையுமாக உட்கார வேண்டும். தூரிகை நுனியில் பல் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு பை மண்ணுக்கு நான்கு இரவுகள். சில பைகளில் ஒன்றும் இருக்காது.

முதன்முறை இதைச் செய்தபோது என் கைக்கு எதுவும் புதிதாக இல்லை. ரேஷன் அரிசியைத் தட்டில் பரப்பி, விரலால் ஒதுக்கி ஒதுக்கி, கல் பொறுக்கிய கை. அரிசியில் கல்லைத் தேடுவதும் கல்லில் பல்லைத் தேடுவதும் கண்ணுக்கு ஒரே வேலை. எதைத் தேடுகிறோம் என்று கண்ணிடம் சொல்லிவிட்டு, அதைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிட வேண்டும். என் அம்மா பேசிக்கொண்டே, அழுதுகொண்டே, வானொலி கேட்டுக்கொண்டே கல் பொறுக்குவார். அந்தத் திறமைக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. அதையே ஆய்வுக்கூடத்தில் வெள்ளை விளக்கின் கீழ் செய்தால் 'நுண்படிமப் பிரித்தெடுப்பு'.

என் மாமியார் இரண்டு வாரம் பார்த்துவிட்டு, "வேலையத்த வேலை" என்றார். கோபமாக இல்லை, வகைப்படுத்தினார், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற அலுவலர் தபால்தலை சேர்க்கிறார். அது ஆர்வம்.

*

பல்லை அடையாளம் காண்பது எப்படி? ஒரு சுறாப் பல்லுக்கு மேலே கிரீடம், கீழே வேர். கிரீடத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. சுறாவின் வாய்க்கு வெளியே பார்க்கும் பக்கம் உதட்டுப் பக்கம். உள்ளே பார்க்கும் பக்கம் நாக்குப் பக்கம். பெரும்பாலான பற்களில் உதட்டுப் பக்கம் தட்டையாக இருக்கும், நாக்குப் பக்கம் புடைத்திருக்கும். விளிம்பு வழுவழுப்பா, அரம்போல் பல் வெட்டியதா என்று பார்க்க வேண்டும். அரம் இருந்தால் ஸ்குவாலிகோராக்ஸாக இருக்கலாம். நடுக்கூரின் இருபுறமும் குட்டிக் குட்டியாக முக்கோணக் கூர்கள் நின்று, விளிம்பு வழுவழுப்பாக இருந்தால் கிரெட்டாலம்னாவாக இருக்கலாம். கூரே இல்லாமல், அம்மிக்கல் கொத்தியதுபோல் வரிவரியாக மேடு இருந்தால் சிப்பியை நொறுக்கித் தின்ற டைக்கோடஸ். இதோடு முடிந்துவிடாது. வேரைப் பார்க்க வேண்டும்: அதன் நடுவே பள்ளம் ஓடுகிறதா, சத்துக்குழல் துளை எங்கே இருக்கிறது. இவையெல்லாம் நாக்குப் பக்கத்தில்தான் தெரியும். உதட்டுப் பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பி "இது என்ன பல்" என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்கள் முதலில் சொல்வது: திருப்பிப் போடுங்கள்.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் இவற்றைப் பல் என்றே யாரும் நினைக்கவில்லை. 'நாக்குக் கற்கள்' என்றார்கள். வானத்திலிருந்து விழுந்தவை என்று ரோமாபுரி பிளினி எழுதினார். பாம்பின் நாக்கு கல்லானது என்று மால்ட்டாவில் நம்பினார்கள். விஷமுறிவுக்குத் தாயத்தாகக் கட்டிக்கொண்டார்கள். 1666இல் இத்தாலியக் கடற்கரையில் பிடிபட்ட பெரிய சுறாவின் தலையை ஃபுளோரன்ஸில் அறுத்துப் பார்த்த நிக்கோலஸ் ஸ்டெனோ, அதன் வாயிலிருந்த பற்களும் நாக்குக் கற்களும் ஒன்றே என்று அடுத்த ஆண்டு எழுதினார். அவருக்கு முன்பே சிலர் சொன்னதுதான். ஆனால் கல்லுக்குள் கல்லல்லாத ஒன்று எப்படி வந்தது என்ற கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு, மண் அடுக்கடுக்காகப் படிகிறது என்ற முடிவுவரை அவர் போனார். நிலவியல் என்ற துறை தொடங்கிய இடங்களில் ஒரு சுறாவின் வாயும் ஒன்று.

இந்தத் துறையின் பெரிய சிக்கல், சுறாவின் உடலில் பல்லைத் தவிர மிச்சம் அதிகம் இருக்காது என்பது. எலும்பு குருத்தெலும்பு, அது பெரும்பாலும் அழிந்துவிடும். ஒரு சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் பல் உதிர்க்கும். அந்தப் பற்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. முன்வாய்ப் பல் நேராக நீண்டு நிற்கும். பக்கவாய்ப் பல் சாய்ந்து அகன்றிருக்கும். மேல்தாடைப் பல்லும் கீழ்த்தாடைப் பல்லும் வேறு. குஞ்சின் பல்லும் வளர்ந்ததன் பல்லும் வேறு. 19ஆம் நூற்றாண்டில் உதிரிப் பற்களை மட்டும் வைத்துப் பெயர் வைத்தவர்கள், ஒரே வாயின் பற்களுக்கு இரண்டு மூன்று இனப்பெயர் வைத்ததுண்டு. நேர்மாறாக, ஒரே மாதிரித் தெரிந்த பற்களை ஒரே பெயரில் கொட்டி, பல இனங்களை ஓர் இனமாக்கியதும் உண்டு. கிரெட்டாலம்னா என்ற பெயரின் கீழ் அப்படிக் கொட்டிவைத்ததை இன்னமும் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த இரண்டு தவறுகளையும் நான் முன்பே அறிவேன். இலக்கிய வரலாற்றில் படித்திருக்கிறேன்.

*

ஔவையாரை எடுத்துக்கொள்வோம். சங்கத் தொகைகளில் 59 பாடல்கள் ஔவையார் பெயரில் உள்ளன. ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் அதே பெயரில் உள்ளன. இரண்டுக்கும் இடையே பல நூற்றாண்டு. மொழி வேறு, யாப்பு வேறு, உலகம் வேறு. அதியமானோடு கள்ளருந்தி அவன் இறந்தபோது அரற்றியவளையும், பள்ளிப் பிள்ளைக்கு அறஞ்சொன்னவளையும், ஒரே கோலூன்றிய கிழவியின் உருவத்துக்குள் நம் பொது நினைவு அடைத்துவிட்டது. ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டியும் பாடப்புத்தகப் படத்தில் அந்தக் கிழவி அப்படியே நிற்கிறாள். கபிலர் பெயரிலும் வெவ்வேறு காலத்துப் பாடல்கள் உள்ளன என்பார்கள், உண்மைதான். ஆனால் கபிலர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஓர் உடலை, ஒரு வயதை, ஓர் ஊன்றுகோலை நாம் செய்து வைக்கவில்லை. பெண் அறிவு என்றால் அது ஒன்றாகவும், முதிர்ந்ததாகவும், உடலாசை தீர்ந்ததாகவும் இருந்தால்தான் வசதி.

இது கொட்டிவைக்கும் தவறு. பிரித்துவைக்கும் தவறு நம் காலத்தில் நடப்பது. ஒரு பெண் கவிஞரின் தொகுப்பில் நாற்பது கவிதை இருக்கும். உடலைப் பற்றி ஆறு, அம்மாவைப் பற்றி ஐந்து, நிலத்தைப் பற்றிப் பத்து, மொழியைப் பற்றி, வேலையைப் பற்றி, மரணத்தைப் பற்றி மற்றவை. மதிப்புரைக்காரர் முன்வாய்ப் பல் ஆறை மட்டும் பிடுங்கி 'உடல்மொழிக் கவிஞர்' என்று இனப்பெயர் வைப்பார். அடுத்த தொகுப்பில் பக்கவாய்ப் பற்கள் அதிகம் இருந்தால், 'முந்தைய கூர்மை இல்லை' என்பார். ஒரே வாய் என்பது அவருக்குத் தோன்றாது. என் இரண்டாவது தொகுப்புக்கு வந்த ஒரு மதிப்புரை, கவிதைகள் 'சிறியவை' என்று மூன்று இடத்தில் சொன்னது. அளவைச் சொன்னாரா, மதிப்பைச் சொன்னாரா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போது கேட்கத் தெரியும்: ஐயா, சிறிய பல் என்றால் சிறிய இனமா, பெரிய இனத்தின் குஞ்சா, அல்லது தாடையின் கோடியில் இருந்த பல்லா? நாக்குப் பக்கம் பார்த்தீர்களா?

நாமும் இந்தத் தவறிலிருந்து தப்பியவர்கள் இல்லை. பெண் எழுத்து என்ற பெயரின் கீழ் எத்தனை இனங்களைக் கொட்டி வைத்திருக்கிறோம்! சாதி வேறு, ஊர் வேறு, பசி வேறான குரல்களை ஒரே பெட்டியில் போட்டு மூடி, மேலே ஒரு சீட்டு ஒட்டியதில் பெண்ணியத் திறனாய்வுக்கும் பங்குண்டு. பெட்டி தேவைதான். பெட்டியைத் திறந்து திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்ப்பதும் தேவை.

*

சுறாவைத் தமிழ்ப் பெண்கள் புத்தகத்தில் சந்திக்கவில்லை. பிரசவித்தவளுக்குப் பால் ஊறப் பால்சுறாவை அவித்து உதிர்த்துப் புட்டு செய்து கொடுப்பார்கள். என் மகள் பிறந்தபோது, கடல் இல்லாத எங்கள் ஊருக்குக் கடலூரிலிருந்து வந்த சுறாவை என் அம்மா சந்தையில் காத்திருந்து வாங்கினார். எது பால்சுறா, எது வேறு என்று துடுப்பையும் தோலையும் தடவிப் பார்த்துத்தான் வாங்குவார். அதுவும் இனங்காணுதலே.

பட்டினப்பாலையில், முழுநிலா நாளில் கடலுக்குப் போகாத பரதவர், சினையுற்ற சுறாவின் கோட்டை மணலில் நட்டுத் தெய்வத்தை ஏற்றி வழிபடுகிறார்கள். கோடு என்பது கொம்பா, வாள்சுறாவின் வாளா என்று வகுப்பில் விவாதிப்போம். ஆனால் அது ஏன் சினைச்சுறா என்று ஒரு மாணவி கேட்கும்வரை நான் கேட்டதில்லை. பல சுறாக்கள் குட்டி போடுகின்றன என்பதைக் கரையிலிருந்தவர்கள் வயிற்றை அறுத்துப் பார்த்து அறிந்திருப்பார்கள். அறுத்தவர்களில் பெண்கள் இருந்திருக்க மாட்டார்களா? பாட்டு அதைச் சொல்லவில்லை. ஆனால் சினை என்ற ஓர் அடைமொழிக்குள் யாரோ கவனித்தது தங்கியிருக்கிறது.

குறுந்தொகையில் இன்னொரு சுறா வருகிறது, 269ஆம் பாட்டில். சுறா தாக்கிய புண் ஆறி அப்பா மீண்டும் கடலுக்குப் போய்விட்டார். அம்மா உப்பை மாற்றி நெல் கொண்டுவர உப்பளத்துக்குப் போய்விட்டாள். இப்போது அவன் வந்தால் என்னைச் சந்திப்பது எளிது என்று போய்ச் சொல்வார் இருந்தால் நல்லது என்கிறாள் மகள். களவுப் பாட்டு என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விடுவோம். எனக்கு இப்போது அது பொழுதைப் பற்றிய பாட்டாகப் படுகிறது. ஒரு பெண்ணுக்குத் தன் விருப்பப்படி இருக்க ஒரு பொழுது கிடைக்க வேண்டுமானால் எத்தனை பேர் வெளியே போக வேண்டியிருக்கிறது! அப்பாவின் புண் ஆற வேண்டும். அம்மா உப்பு சுமக்க வேண்டும். அம்மாவுக்கு அந்தப் பாட்டில் பொழுதே இல்லை. மகளின் பொழுது அம்மாவின் தலைச்சுமையிலிருந்து வருகிறது.

'பொழுதுபோக்கு' என்ற சொல்லில் முதலில் இருப்பது பொழுது. அது யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை நான் காரைக்குப் போனால் வீட்டில் என் வேலையை யாரோ செய்கிறார்கள். பெரும்பாலும் அது என் கணவர் இல்லை. சம்பளத்துக்கு வரும் இன்னொரு பெண்.

*

1840களின் தொடக்கத்தில், சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த காய் என்பவரும் கன்லிஃப் என்பவரும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் தொல்லுயிர்ப் படிமங்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அவர்களும் பொழுதுபோக்காகச் சேகரித்தவர்களே. சிப்பிகளை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் விவரித்தார். மீன் எச்சங்களை, சுறாப் பற்கள் உட்பட, எகர்ட்டன் 1845இல் விவரித்தார். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே சேகரித்தவர்களின் பெயர் இருக்கிறது. வெயிலில் குனிந்து பொறுக்கியவை அந்த இரண்டு பேரின் கைகள் மட்டும்தான் என்று நான் நம்பவில்லை.

அதே காலத்தில் இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் மேரி அன்னிங் இருந்தார். 1799இல் பிறந்து 1847இல் இறந்த, தச்சர் ஒருவரின் மகள். படிமங்களை எடுத்து விற்றுத்தான் பிழைத்தார். இக்தியோசாரையும் பிளீசியோசாரையும் உலகுக்குக் காட்டியவர். அவருடைய கதையைச் சிறுவர் புத்தகங்கள் சொல்லும் முறையைக் கவனித்திருக்கிறேன்: குழந்தையாக இருந்தபோது மின்னல் தாக்கிப் பிழைத்தார், கூடவே ஒரு நாய், பிறகு அதிர்ஷ்டம். ஆய்வுக்கட்டுரைகளைக் கையால் நகலெடுத்துப் படித்ததும், மீனை அறுத்து உடற்கூறு கற்றதும் ஓரத்துக்குப் போய்விடும். ஆணின் திறமைக்குப் பயிற்சி காரணம்; பெண்ணின் திறமைக்கு மின்னல் காரணம். லண்டன் நிலவியல் கழகம் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1919இல். மேரி இறந்து 72 ஆண்டுகளுக்குப் பிறகு. ஆனால் லைமுக்கு வந்து அவரிடமும் அவருடைய தோழி எலிசபெத் ஃபில்பாட்டிடமும் கற்றுப்போன லூயி அகாசி, இருவர் பெயரையும் தொல்மீன்களுக்கு வைத்தார். மேரியின் பெயர் பெற்றவற்றில் ஒன்று, சிப்பி நொறுக்கும் பற்கள் கொண்ட ஒரு பழஞ்சுறா: அக்ரோடஸ் அன்னிங்கியே.

நம்முடைய காரைக் களிமண்ணுக்கும் அப்படிப் பெயர் உண்டு. சார்லி அண்டர்வுட், அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத், ஓம்கார் வர்மா, ஜான் ஃப்ளின் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வில் இங்கிருந்து சுறா இனங்களை விவரித்தார்கள். புதிய இனம் ஒன்றுக்கு ட்வார்டியஸ் சுதிண்டிகஸ் என்று பெயர். பின்பாதி தென்னிந்தியா. முன்பாதி, அதாவது பேரினப் பெயர், 1999இல் வேறொருவர் வைத்தது: டேவிட் வார்ட் என்பவரைச் சிறப்பிக்க. அவர் தொழிலால் கால்நடை மருத்துவர். சுறாப் பற்களை ஆர்வத்தால் சேகரித்தவர். அறிவியல் அவரை வெளியாள் என்று தள்ளவில்லை, பேரினமாகவே ஏற்றுக்கொண்டது. இதில் எனக்குப் பொறாமை இல்லை. அவர் உழைப்புக்குக் கிடைத்த மரியாதை அது. நான் கேட்பது வேறு. பெரம்பலூர் மாவட்டத்தில் 'வேலையத்த வேலை' எந்தக் கட்டத்தில் ஆர்வமாகும், எந்தக் கட்டத்தில் அறிவாகும்? யாருக்கு ஆகும்?

*

இதுவரை எழுதியதெல்லாம் அடுத்தவர் தவறு. இனி என்னுடையது.

மூன்றாண்டுகளுக்கு முன் தை மாதம் ஓர் ஓடைச் சரிவில் குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, அறுபதைத் தாண்டியவர், நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, எதத் தொலச்ச?"

"தொலைக்கலக்கா. தேடுறேன்."

"தொலைக்காமயா தேடுவாங்க?"

என் கையிலிருந்த பல்லைக் காட்டினேன். வாங்கி, விரல் நுனியில் வைத்துத் திருப்பினார். முதலில் உதட்டுப் பக்கம், பிறகு நாக்குப் பக்கம். "இது அந்த வேலிமுள்ளு ஓடையில நெறயக் கெடக்குமே" என்று கூட்டிக்கொண்டு போனார். போகிற வழியிலேயே, என் லென்ஸுக்கு அகப்படாத ஒன்றைக் கோலால் சுட்டினார். ஆறு மில்லிமீட்டர் உயரம், இரண்டு பக்கக் கூர்களும் உடையாமல், வேரோடு. எட்டு ஆண்டில் எனக்குக் கிடைத்த முழுமையான பல் அதுதான். குனிந்து எடுத்தேன். வீட்டுக்கு வந்து சீட்டு எழுதினேன்: இடம், தேதி, அடுக்கு, கண்டெடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

கை நிற்கவில்லை. காய், கன்லிஃப் பெயர்களைப் பற்றி வகுப்பிலும் மேடையிலும் பேசியவள் நான். பெயர் அழிக்கப்பட்ட பெண்களைப் பற்றிக் கவிதை எழுதி விருது வாங்கியவள். அந்தச் சீட்டு ஏழு மாதம் அப்படியே இருந்தது. நிலவியல் பேராசிரியர் ஒருவரிடம் பல்லைக் காட்டியபோது, "இந்த ஓடையை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். "சும்மா நடந்துட்டிருந்தப்போ" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது.

அடுத்த ஞாயிறு அந்த அம்மாவைத் தேடிப் போனேன். பெயரைச் சீட்டில் எழுதப் போகிறேன், கட்டுரை எழுதினால் அதிலும் போடுவேன் என்றேன். கொஞ்ச நேரம் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீட்டுல போட்டுக்க. பொஸ்தகத்துல வேணாம். நாளைக்கு யாராச்சும் வந்து, ஏன் கல்ல எடுத்துக் குடுத்தேன்னு என்னத்தான் கேப்பான். ஒன்னக் கேக்க மாட்டான்."

நான் கொண்டுபோனது ஒரு மரியாதை என்று நினைத்தேன். அது அவருக்கு ஒரு பொறுப்பும் ஆபத்துமாகவும் தெரிந்தது. பெயர் போடுவது எப்போதும் நீதி ஆகாது. யாருக்குப் பெயர் காப்பு, யாருக்குப் பெயர் கண்ணி என்பது அவரவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. அதனால்தான் இந்தக் கட்டுரையில் அவர் பெயர் இல்லை. மறந்துவிட்டது போன்ற ஓர் இல்லாமை அல்ல அது. அவர் சொன்னதால் விட்டது.

பேராசிரியருக்குத் திரும்ப எழுதி, ஓடையைக் காட்டியது யார் என்று சொன்னேன். பல்லைப் பற்றி அவர் பதில்: கிரெட்டாலம்னா வகைபோலத் தெரிகிறது, ஆனால் வேறொன்றின் குஞ்சுடைய பக்கப் பல்லாகவும் இருக்கலாம், ஒரு பல்லை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. எனக்கு ஏமாற்றமாக இல்லை. நம் மதிப்புரைகளில் இப்படி ஒரு வாக்கியத்தைப் படிக்க எவ்வளவு காலமாக ஏங்கியிருக்கிறேன்!

*

என் வகுப்பில் கல்வராயன் மலையிலிருந்து, வெள்ளிமலைக்கு அப்பாலிருந்து வரும் மாணவிகள் இருக்கிறார்கள். பற்களைக் காட்டியபோது ஒருத்தி கேட்டாள், "எங்க மலையில கெடைக்குமா மேடம்?" இல்லை என்று சொல்லி, 250 கோடி ஆண்டுக் கணக்கைச் சொன்னேன். அவள் முகம் வாடவில்லை. "அப்ப எங்க மலை இந்தப் பல்லுக்கெல்லாம் பாட்டி" என்றாள். பிறகு தட்டில் பரப்பியிருந்த சல்லடைக் கழிவில், நான் இரண்டு முறை பார்த்து முடித்ததில், இன்னும் மூன்று பல் எடுத்துக் கொடுத்தாள். சாமை புடைத்த கண்.

அன்று சீட்டை மாற்றி அச்சடித்தேன். முன்பு 'கண்டெடுத்தவர்' என்று ஒரே கட்டம் இருந்தது. கண்டதும் எடுத்ததும் ஒருவரே என்று அந்தச் சொல் முடிவு செய்துவிடுகிறது. இப்போது நான்கு கட்டம்: இடம் காட்டியவர், கண்டவர், எடுத்தவர், இனம் சொன்னவர். பழைய சீட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். நிறையப் பெட்டிகளில் முதல் கட்டத்தை எப்படி நிரப்புவது என்று தெரியவில்லை. யாரைக் கேட்டு அந்த மேட்டுக்குப் போனேன் என்பதை நான் குறித்து வைக்கவில்லை. அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். இந்தப் பற்கள் என்னுடையவை அல்ல. ஒருநாள் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியவை. காலிக் கட்டமும் அவற்றோடு போகட்டும்.

அந்த ஆறு மில்லிமீட்டர்ப் பல்லின் சீட்டில் மூன்று கட்டம் நிரம்பிவிட்டது. முதல் இரண்டிலும் ஒரே பெயர். மூன்றாவதில் என் பெயர். நான்காவதில் எழுதியிருப்பது: இன்னும் உறுதியாகவில்லை.